பேசுகிற ஆங்கிலம் வேறு, பாடப்புத்தக ஆங்கிலம் வேறு

ஆண்டுதோறும் ஜூன், ஜூலையில் இது நடக்கும். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, வேதியியலில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கி பி.எஸ்சி. சேர்ந்த பிள்ளை, முதல் வாரம் முடிந்து வீட்டுக்கு வந்து "ஒண்ணுமே புரியலை" என்று உட்கார்ந்துவிடும். உடனே ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தினமும் இங்கிலீஷ் பேப்பர் படி என்பார் சித்தப்பா. சப்டைட்டில் போட்டுப் படம் பார் என்பார் பக்கத்து வீட்டு அக்கா. முப்பதே நாளில் சரளமாகப் பேசவைக்கிறோம் என்று பேருந்து நிலையச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கும். எல்லாம் நல்லெண்ணம்தான். ஆனால் பல்வலிக்குக் கண் மருந்து.

நானும் ஒரு காலத்தில் அப்படி உட்கார்ந்தவன்தான். இப்போது பல வருடமாக முதலாண்டு மாணவர்களின் ரெக்கார்டு நோட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் ஒன்று தெரிகிறது. "இங்கிலீஷ்" என்று ஏதோ ஒரே பொருளைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறோம், குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. கடையில், பேருந்தில், போனில் பேசுகிற ஆங்கிலம் ஒன்று. அறிவியல் புத்தகம் எழுதப்பட்டிருக்கிற ஆங்கிலம் இன்னொன்று. இந்த இரண்டாவதற்குக் கல்விசார் ஆங்கிலம் என்று பெயர். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

## பத்திரத் தமிழ் தெரியுமா?

வீட்டில் பழைய கிரயப் பத்திரம் ஏதாவது இருந்தால் எடுத்துப் படித்துப் பாருங்கள். "மேற்படி சொத்தைத் தாங்களே இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்கிற மாதிரி ஓடும். நான்கெல்லை வரும், "இதற்குள் பட்ட" வரும், வில்லங்கம் வரும். எல்லாம் தமிழ்தான். நாமும் பிறந்தது முதல் தமிழ் பேசுகிறவர்கள்தான். ஆனாலும் பாதி புரியாது.

இந்தத் தமிழ் யாருக்கும் தாய்மொழி கிடையாது. பத்திர எழுத்தர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் "மேற்படி குழம்பை ஊற்றவும்" என்று சொல்வதில்லை. அவரும் வேறொரு எழுத்தரிடம் உதவியாளாக இருந்து, பத்திரம் பத்திரமாகப் பார்த்து எழுதித்தான் கற்றுக்கொண்டார். அதில் உள்ள விநோதமான சொற்கள் அழகுக்காக வந்தவையும் இல்லை. நாளைக்கு ஒருவர் வழக்குப் போட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதால் ஒவ்வொன்றும் அங்கே உட்கார்ந்திருக்கிறது.

கல்விசார் ஆங்கிலமும் இப்படி ஒரு தொழில்மொழி. லண்டனில் பிறந்த பிள்ளைக்கும் அது தாய்மொழி இல்லை. அதுவும் பள்ளியில், கல்லூரியில், படித்தும் எழுதியும்தான் கற்றுக்கொள்கிறது. என்னோடு படித்த ஒரு பெண் நகரத்துக் கான்வென்டிலிருந்து வந்தவர். ஆங்கிலத்தில் சண்டையே போடுவார். தேர்வுக்கு முதல் நாள் பார்த்தால் அவரும் எங்களைப் போலவே வரி வரியாக மனப்பாடம் செய்துகொண்டிருப்பார். புரியாமல்தான். அன்றைக்கு எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர், 1979-இல் மொழித்திறனை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். எதிரில் ஆள் இருக்க, கையும் முகமும் உதவ, அன்றாடம் பேசுவதற்கான திறன் ஒன்று. எதிரில் யாருமில்லாமல், தாளில் உள்ள சொற்களை மட்டும் நம்பிப் பொருள் கொள்கிற திறன் இன்னொன்று. வேறு நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு முதலாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டில் வந்துவிடுகிறது என்றும், இரண்டாவதில் வகுப்புத் தோழர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்றும் அவர் காட்டினார். அதாவது, ஆங்கிலமே பேசும் ஊரில், ஆங்கிலமே பேசும் பிள்ளைகள் நடுவில் வளர்ந்தும் அவ்வளவு காலம்!

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பேச்சுத் திறன் தானாகப் புத்தகத் திறனாக மாறாது. பேச வராதவர்கள் புத்தகம் படிக்க முடியாது என்பதும் இல்லை. இரண்டும் தனித்தனிப் பயிற்சி.

## மூன்று வகைச் சொற்கள்

புத்தகம் புரியவில்லை என்றால் முதலில் பழி விழுவது கலைச்சொற்கள் மேல்தான். கலைச்சொல் என்றால் ஒரு துறைக்கே உரிய சொல். எண்டோதெர்மிக், ஸ்டொமேட்டா, எய்கன்வேல்யூ மாதிரி. என் அனுபவத்தில் இவை நிரபராதிகள். பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும், பக்கத்திலேயே விளக்கம் இருக்கும், ஆசிரியரும் கரும்பலகையில் எழுதிப் போடுவார். பி.எஸ்சி.யில் எல்லாருக்குமே அவை புதுசு.

அதுவும் தமிழ் வழியில் வந்தவர்களுக்கு இங்கே ஒரு சின்ன லாபம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. நம் பாடநூல்களின் கலைச்சொற்கள் பலவும் கிரேக்க, லத்தீன் வேர்களைப் பிரித்துப் பொருள் பார்த்துச் செய்யப்பட்டவை. ஃபோட்டோ என்றால் ஒளி, சிந்தசிஸ் என்றால் சேர்த்தல். ஒளிச்சேர்க்கை. தெர்மோமீட்டர், வெப்பமானி. ஐசோ என்றால் சமம், பார் என்பது அழுத்தத்தைக் குறிக்கும் வேர். ஐசோபார், சம அழுத்தக்கோடு. ஹைட்ரோ நீர், லைசிஸ் பகுத்தல், நீராற்பகுப்பு. ஆங்கில வழிப் பிள்ளைக்கு ஹைட்ராலிசிஸ் ஒரு சத்தம் மட்டுமே. நமக்கோ அந்தச் சொல் ஏற்கனவே பிரித்துக் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. (இந்த வேலை இன்று நேற்று தொடங்கியதல்ல. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார், அதற்காகக் கலைச்சொற்களையும் ஆக்கினார். இன்று அதே யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு விஞ்ஞான பீடத்துக்குள் போகிற பிள்ளைகளும் முதல் வருடம் நம் பிள்ளைகள் படும் பாட்டைத்தான் படுகிறார்கள்.)

இரண்டாவது வகை கொஞ்சம் விஷமம் பிடித்தது. அன்றாடச் சொல்லாக வேஷம் போட்டுக்கொண்டு வரும் கலைச்சொல். வொர்க் என்றால் வேலை, அது யாருக்குத் தெரியாது? ஆனால் இயற்பியலில், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடந்து வந்தாலும், குடத்தைத் தாங்கிப் பிடித்த விசை செய்த வேலை சுழியம். விசை மேல்நோக்கி, நகர்வு பக்கவாட்டில். தண்ணீர் தூக்கிய அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டாம். கல்ச்சர் என்றால் பண்பாடு. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் அது தட்டில் வளர்த்த பாக்டீரியா. நார்மல் என்பது வேதியியலில் ஒரு செறிவு அளவு, கணிதத்தில் செங்குத்து, புள்ளியியலில் மணி வடிவ வளைகோடு. தெரிந்த சொல் என்று நினைத்து அகராதியைத் திறக்கமாட்டோம். அங்கேதான் விழுவோம்.

மூன்றாவது வகைதான் நிஜமான தடை. வேரி (மாறு), இண்டிகேட் (சுட்டிக்காட்டு), அஸ்யூம் (என்று வைத்துக்கொள்), டிரைவ் (வருவி), அக்கர் (நிகழ்), கான்ஸ்டிட்யூட் (சேர்ந்து அமை), ரிக்வயர் (தேவைப்படு). இவை எந்தத் துறையின் கலைச்சொல்லும் இல்லை, கடைத்தெருவில் புழங்குபவையும் இல்லை. எல்லாப் பாடத்திலும் வரும், எந்தப் பாடத்திலும் விளக்கம் கிடையாது. வீடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். செங்கல் கண்ணுக்குத் தெரியும், எண்ணிவிடலாம். செங்கல்லைச் செங்கல்லோடு பிடித்து நிறுத்துகிற கலவையை யார் பார்க்கிறார்கள்? கலைச்சொற்கள் செங்கல். இந்த மூன்றாம் வகை, கலவை.

இதை எண்ணிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1953-இல் மைக்கேல் வெஸ்ட் என்பவர், ஆங்கிலத்தில் மிகவும் புழங்கும் 2000 சொற்குடும்பங்கள் அளவுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். சொற்குடும்பம் என்றால் ஒரு வேரிலிருந்து கிளைத்த எல்லா வடிவங்களும் சேர்ந்தது. 2000-இல் நியூசிலாந்தின் ஆவெரில் காக்ஸ்ஹெட், 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்லூரிப் பாடநூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் அலசி, வெஸ்டின் பட்டியலில் இல்லாமல் பல துறைகளிலும் பரவலாக வரும் 570 சொற்குடும்பங்களைத் தனியே பிரித்தார். கணக்கு இப்படி வந்தது: நூறு சொல்லில் ஏறத்தாழ 76 வெஸ்டின் பட்டியலில் இருப்பவை, ஏறத்தாழ 10 இந்த 570 குடும்பத்தைச் சேர்ந்தவை. கலைச்சொற்களும் ஊர்ப்பெயர், ஆள்பெயர்களும் மிச்சத்தில்தான் வருகின்றன.

570 என்பது பயப்படும் எண்ணிக்கை இல்லை. நாளைக்கு இரண்டு என்றால் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் குடும்பமாகப் படிக்க வேண்டும். வேரி என்றால் மாறு, வேரியபிள் என்றால் மாறி, வேரியேஷன் என்றால் மாறுபாடு. கணக்கில் மாறி, மாறிலி என்று படித்தவர்களுக்கு இந்தக் குடும்பம் எப்படிக் கிளைவிடும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

## வினையை மூட்டை கட்டுதல்

சொற்கள் எல்லாம் தெரிந்தும் வாக்கியம் புரியவில்லை என்று மாணவர்கள் சொல்வார்கள். அது பொய்யில்லை. இதுதான் இந்த விஷயத்தின் நடுப்புள்ளி என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சின்னப் பிள்ளையும் சொல்லும்: டீ சூடாக இருந்தால் சர்க்கரை சீக்கிரம் கரையும். இதையே புத்தகம் எப்படிச் சொல்லும்? "வெப்பநிலை உயர்வு, கரைதல் வேகத்தை அதிகரிக்கிறது." செய்தி ஒன்றுதான். என்ன மாறியது? டீ காணாமல் போயிற்று. "சூடாக இருந்தால்" என்பது "வெப்பநிலை உயர்வு" ஆயிற்று. "கரையும்" என்பது "கரைதல்" ஆயிற்று. நடந்த செயல்கள் எல்லாம் பொருள்களைப் போலப் பெயர்களாகிவிட்டன.

இதற்குப் பெயர் நமக்குப் புதிதில்லை. பள்ளித் தமிழ் இலக்கணத்தில் படித்த தொழிற்பெயர்தான். கரை, கரைதல். உயர், உயர்வு. வளர், வளர்ச்சி. ஆங்கிலத்தில் ஷன், மென்ட், அன்ஸ் என்று முடிகிற சொற்கள் பெரும்பாலும் இந்த ஜாதி: ரியாக்ட், ரியாக்ஷன், மெஷர், மெஷர்மென்ட், ரெசிஸ்ட், ரெசிஸ்டன்ஸ். மொழியியலாளர் ஹாலிடே இதை இலக்கண உருவகம் என்று அழைத்தார். செயலாக நடந்ததை ஒரு பொருளாக உருவகம் செய்கிறோம் என்ற கருத்தில்.

எதற்காக இந்தச் சுற்றுவழி? மூட்டை கட்டுவது எதற்காகவோ அதற்காகத்தான். வீடு முழுக்கப் பரந்து கிடக்கும் சாமானை அப்படியே பஸ்ஸில் ஏற்ற முடியாது. கட்டினால் தூக்கலாம், அடுக்கலாம், அடுத்த ஊருக்குக் கொண்டுபோகலாம். "டீ சூடாக இருந்தால் சர்க்கரை சீக்கிரம் கரையும்" என்பதை அடுத்த வாக்கியத்துக்குள் தூக்கிப் போடுவது கஷ்டம். "கரைதல் வேகம்" என்று கட்டிவிட்டால், அதை அளக்கலாம், வரைபடத்தின் ஓர் அச்சில் எழுதலாம், "இந்த வேகம்..." என்று அடுத்த வரியைத் தொடங்கலாம். அறிவியலுக்கு இது இல்லாமல் ஆகாது. சில பேராசிரியர்கள் தேவையே இல்லாத இடத்திலும் கட்டுவார்கள், அது வேறு கதை.

தாவரவியலில் வரக்கூடிய ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்: "எ டிக்ரீஸ் இன் லீஃப் வாட்டர் கன்டென்ட் ரிசல்ட்ஸ் இன் தி க்ளோஷர் ஆஃப் ஸ்டொமேட்டா அண்ட் எ ரிடக்ஷன் இன் டிரான்ஸ்பிரேஷன்."

மூச்சு முட்டுகிறதா? மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கலாம். டிக்ரீஸ்: எது குறைகிறது? இலையில் உள்ள தண்ணீர் குறைகிறது. க்ளோஷர்: எது மூடுகிறது? இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. ரிடக்ஷன்: எது குறைகிறது? நீராவிப்போக்கு குறைகிறது. மூன்று நிகழ்ச்சிகள். தமிழில் மூன்று சின்ன வாக்கியங்களாக, நடுவில் "அதனால்" போட்டுச் சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

இப்போது மிச்சம் இருக்கிற ஒரே வினைச்சொல்லைப் பாருங்கள்: ரிசல்ட்ஸ் இன். அது எந்தச் செயலையும் சொல்லவில்லை, வெறும் அம்புக்குறி. இடப்பக்க மூட்டையால் வலப்பக்க மூட்டை வந்தது என்கிறது, அவ்வளவுதான். லீட்ஸ் டு, காசஸ் இவையும் அதே திசை அம்பு. ரிசல்ட்ஸ் ஃப்ரம், இஸ் டியூ டு என்றால் அம்பு திரும்பிவிடும். வலப்பக்கம் காரணம், இடப்பக்கம் விளைவு. இன், ஃப்ரம் என்கிற துளிச் சொல் மாறினால் காரணமும் விளைவும் இடம் மாறுகின்றன. அசோசியேட்டட் வித் என்று வந்தால் அம்பே இல்லை, இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது மட்டும்தான். பக்கத்துக்கு ஐந்தாறு அம்புகள் இருக்கும். பென்சிலால் அவற்றைச் சுழித்துவிட்டுப் படித்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு சின்ன வித்தை. ஆஃப் என்ற சொல் வரிசையாக வந்தால் பின்னாலிருந்து படியுங்கள். "தி திக்னெஸ் ஆஃப் தி வால் ஆஃப் தி செல்" என்பது தமிழில் செல்லின் சுவரின் தடிமன். தலைகீழ். ஆனால் ஆஃப் இல்லாமல் பெயர்கள் நெருக்கியடித்து நின்றால், "செல் வால் திக்னெஸ்" என்று, வரிசையை மாற்றவே வேண்டாம். செல் சுவர்த் தடிமன். எது முக்கியச் சொல்லோ அது கடைசியில். தண்ணீர்க் குழாய், பித்தளைக் குடம் என்று நாம் தொகைச்சொல் போடும் முறையும் அதுதான்.

சுருக்கமாக: அறிவியல் வாக்கியம் என்பது பெரும்பாலும் ஒரு மூட்டை, ஓர் அம்பு, இன்னொரு மூட்டை. படிக்கும்போது அவிழ்க்க வேண்டும், எழுதும்போது கட்ட வேண்டும்.

## யார் சூடாக்கியது?

ரெக்கார்டு நோட்டுக்கு வருவோம். எய்ம், அப்பாரடஸ், புரொசீஜர், டேபுலர் காலம், ரிசல்ட். என் முதல் ரெக்கார்டில் டைட்ரேஷனுக்கு (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக இன்னொன்றில் சேர்த்துச் செறிவை அளக்கும் சோதனை) "நான் பிப்பெட்டில் 20 மில்லி ஆக்ஸாலிக் அமிலம் எடுத்தேன்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். ஆசிரியர் "ஐ" என்ற எழுத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, விளக்கம் ஏதும் எழுதாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐ தப்பு என்று மட்டும் புரிந்தது, ஏன் என்று புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

சமையல் குறிப்பில் "கடுகு தாளிக்கவும்" என்று போடுவார்கள். யார் தாளிப்பது என்பது அங்கே முக்கியமில்லை. நீங்கள் செய்தாலும் உங்கள் மாமியார் செய்தாலும் அதே ரசம் வர வேண்டும். அறிவியல் சோதனையும் அப்படித்தான்: யார் செய்தாலும் அதே முடிவு வர வேண்டும். ஆளை ஒதுக்கிவிட்டுச் செயலை முன்னால் நிறுத்துகிற வாக்கிய அமைப்பு செயப்பாட்டு வினை. "கரைசல் சூடாக்கப்பட்டது." தமிழில் பேசும்போது "பட்டது" போட்டால் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும், அதனால் நமக்கு அது வாயில் வராது. ஆங்கில ரெக்கார்டில் "வாஸ் ஹீட்டட், வாஸ் ஃபில்டர்டு" என்று சகஜமாக ஓடும்.

ஆனால் இதை ஒரு சட்டமாகப் பிடித்துக்கொண்டவர்கள் அதிகம். செயப்பாட்டு வினைதான் அறிவியல் ஆங்கிலம் என்று கல்லூரிகளில் இன்றும் சொல்கிறார்கள். நேச்சர் என்கிற புகழ்பெற்ற அறிவியல் இதழ்களே தங்களுக்கு எழுதுபவர்களிடம் "நாங்கள் செய்தோம்" என்ற நேரடி வடிவத்தை விரும்புவதாகச் சொல்கின்றன. செய்முறைப் பகுதியில் ஆளை ஒதுக்குங்கள். ஒரு முடிவை நீங்கள் எடுத்தீர்கள் என்றால் "வீ" போட்டுச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். கல்லூரி ரெக்கார்டில் மட்டும், மதிப்பெண் போடுகிறவர் விருப்பம் என்னவோ அதன்படி எழுதிவிடுங்கள். அங்கே போய்ப் புரட்சி செய்ய வேண்டாம்.

அந்த டைட்ரேஷனில் இன்னொரு கூத்தும் நடந்தது. பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு, பிளாஸ்க்கில் ஒரு சொட்டு ஃபீனால்ப்தலீன் என்கிற நிறங்காட்டி. வெளிர் இளஞ்சிவப்பு நிறம் தோன்றி நின்றதும் அளவு குறிக்க வேண்டும். மறுபடி செய்ய வேண்டும். "கன்கார்டன்ட் வேல்யூ வரும்வரை செய்" என்றார்கள். கன்கார்டன்ட் யாரோ ஒரு விஞ்ஞானி, அவர் கண்டுபிடித்த எண் ஒன்று இருக்கிறது, அது வரும்வரை செய்ய வேண்டும் என்று நம்பி மதியம் வரை டைட்ரேட் செய்தேன். கடைசியில் ஆய்வக உதவியாளர் அண்ணன்தான், "தம்பி, ரெண்டு ரீடிங்கும் ஒண்ணா வருதுல்ல, அதான்பா" என்றார். லத்தீன் வேரில் கார் என்றால் இதயம். மனம் ஒத்த அளவுகள்.

## லாம், ஆம், போலிருக்கிறது

அறிவியல் எழுத்தைப் பற்றி இன்னொரு தப்பான எண்ணம், அது எல்லாவற்றையும் அடித்துச் சொல்லும் என்பது. உண்மையில் அது ரொம்பவும் அடக்கி வாசிக்கும். மே (லாம்), சஜஸ்ட்ஸ் (என்று தோன்றச் செய்கிறது), அப்பியர்ஸ் டு (போலத் தெரிகிறது), லைக்லி (வாய்ப்பு அதிகம்). இவற்றை மழுப்பல் என்று மாணவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். இவை மழுப்பல் இல்லை, ஆதாரம் எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் குரல் கொடுப்பது. இதைத் தயக்கச்சொல் என்று வைத்துக்கொள்வோம்.

டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25-ஆம் தேதி நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஒரு பக்கத்தைச் சற்றே தாண்டுகிற கட்டுரை. உயிரியலையே புரட்டிப்போட்ட அந்தக் கட்டுரை "கண்டுபிடித்துவிட்டோம்" என்று தொடங்கவில்லை. ஓர் அமைப்பை "சஜஸ்ட்" செய்ய விரும்புகிறோம் என்று தொடங்குகிறது. மரபுப்பொருள் எப்படித் தன்னைப் படியெடுக்கும் என்ற பெரிய விஷயத்துக்கு வரும்போதும் "பாசிபிள்" என்ற சொல்லை வைத்துத்தான் பேசுகிறது.

தமிழில் இதற்கு நம்மிடம் தேர்ந்த கருவிகள் இருக்கின்றன. "மழை வரும்" வேறு, "வரலாம்" வேறு, "வரும் போலிருக்கிறது" வேறு, "வருமாம்" வேறு. கடைசியில் ஒட்டுகிற "ஆம்" ஒன்றே, இதை நான் பார்க்கவில்லை, வேறு யாரோ சொன்னது என்று காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒட்டு கிடையாது. அதனால்தான் அவர்கள் வாக்கியத்தின் கடைசியில் பிறைக்கோட்டுக்குள் யார், எந்த ஆண்டு சொன்னது என்று போடுகிறார்கள். மேற்கோள் காட்டுதல் என்பது ஒருவகையில் ஆங்கிலத்தின் "ஆம்".

இந்த இடத்தில் சிக்னிஃபிகன்ட் என்ற சொல்லையும் எச்சரித்துவிடுகிறேன். பேச்சில் அது முக்கியமான, பெரிய என்று பொருள்படும். ஆய்வு முடிவில் வந்தால் பெரும்பாலும் புள்ளியியல் பொருள்: உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகத் தென்படுவது அரிது. வித்தியாசம் கடுகளவாகக்கூட இருக்கலாம்.

## பழகுவது எப்படி?

கல்லூரியில் பார்ட் டூ ஆங்கிலம் என்று ஒரு தாள் உண்டு. அதில் கவிதையும் சிறுகதையும் நடத்துவார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இயற்பியல் புத்தகத்து வாக்கியத்தை எப்படி அவிழ்ப்பது என்று ஆங்கிலத் துறை சொல்லித்தராது, அது எங்கள் பாடமில்லை என்பார்கள். இயற்பியல் துறையும் சொல்லித்தராது, அது எங்கள் வேலையில்லை என்பார்கள். நடுவில் மாணவன் நிற்கிறான். ஆகவே கொஞ்சம் சொந்த முயற்சி வேண்டியிருக்கிறது.

கையில் கிடைக்கும் மிகச் சிறந்த கருவியை யாரும் கருவியாகவே நினைப்பதில்லை. தமிழ்நாடு அரசின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் நூல்கள் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் ஒரே பாடத்தைத்தான் தருகின்றன. அத்தியாயத்துக்கு அத்தியாயம், படத்துக்குப் படம். இணையத்தில் இரண்டும் இலவசம். நன்றாகத் தெரிந்த ஒரு தமிழ்ப் பாடத்தை எடுத்து, அதன் ஆங்கிலப் பக்கத்தைப் பக்கத்தில் வையுங்கள். பொருள் ஏற்கனவே தெரியும் என்பதால் கவனம் முழுக்க மொழி மேல் போகும். தமிழில் "எனப்படும்" வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் என்ன வருகிறது? "சார்ந்தது" என்ற இடத்தில்? "டிபெண்ட்ஸ் ஆன்" என்று நாலு இடத்தில் கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அகராதி வேண்டாம்.

பிறகு நாளுக்கு ஒரே ஒரு வாக்கியம். கல்லூரிப் புத்தகத்திலிருந்து கொஞ்சம் நீளமானதாக. மூட்டைகளை அவிழ்த்து, தமிழில் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். மறுநாள் புத்தகத்தைப் பார்க்காமல், அந்தத் தமிழிலிருந்து ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாகக் கட்டிப் பாருங்கள். மூலத்தோடு ஒப்பிட்டால் எங்கே சறுக்கியது என்று அதுவே காட்டும். பத்து நிமிட வேலை. மனப்பாடம் செய்யும் இரண்டு மணி நேரத்தைவிட இது ஒட்டும். வேண்டுமானால் ஒரு மாதம் செய்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடுங்கள்.

தேர்வுத் தாளில் முதல் சொல்லைக் கவனிக்க வேண்டும். ஸ்டேட் என்றால் விதியை மட்டும் எழுதி நிறுத்து. டிஸ்கிரைப் என்றால் எப்படி இருக்கிறது, எப்படி நடக்கிறது என்று சொல். எக்ஸ்பிளெயின் என்றால் ஏன் என்று சொல். டிஸ்டிங்குயிஷ் என்றால் வேறுபாடுகள், அட்டவணையாக. டிரைவ் என்றால் படிப்படியாகச் சமன்பாட்டை வருவி. விடை தெரிந்தும் மதிப்பெண் போவது பல நேரம் இந்த ஒரு சொல்லில்தான்.

மூன்றாம் ஆண்டில் புராஜெக்டுக்காக ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்க வேண்டிவரும். பயப்படாதீர்கள், அது பெரிய அளவு ரெக்கார்டு நோட்டுதான். முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம் என்று நான்கு அறை. முதலில் சுருக்கம், பிறகு படங்களும் அட்டவணைகளும், பிறகு விவாதம், தேவைப்பட்டால் மட்டும் செய்முறை. கதைப்புத்தகம் போல முதல் வரியிலிருந்து தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிடுவார்கள்.

எதை விட்டுவிடலாம் என்றும் சொல்ல வேண்டும். உச்சரிப்பை இப்போதைக்கு விடுங்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஃபீனால்ப்தலீனைத் தடுமாறிச் சொன்னால் யாரும் ஃபெயில் போடுவதில்லை, கேட்கிறவருக்கே அது தடுமாறும். எ, தி எங்கே போடுவது என்ற கவலையையும் தள்ளிப்போடுங்கள். தமிழில் அந்த வகைச் சொல்லே இல்லாததால் அது கடைசியில்தான் வரும், எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை. போன வாரம் ஒரு கட்டுரையை அனுப்பியபோது, திருத்தியவர் ஏழு இடத்தில் தி சேர்த்து, நான்கு இடத்தில் எடுத்துவிட்டிருந்தார். உள்ளே இருந்த வேதியியலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.